பொம்மர்காரியின் பதக்கம்

திவசப் படையலுக்கு வைத்த பூசணிக்காய் கொதிக்கத் தொடங்குமுன்னே முதல் அறை விழுந்துவிட்டது.

சிவனேஸ்வரியின் தலை பிரிட்ஜில் போய் மோதியது. உதட்டில் இரத்தம் உப்புக் கரித்தது. வெள்ளைக்கார நாட்டில், பிளேஸ்டோ வீட்டின் அந்த ஒடுங்கிய குசினியில் விழுவதற்குக்கூட இடமில்லை. நின்றபடியேதான் அடி வாங்க வேண்டும்.

"சொல்லடி! ஆர் உனக்கு இதைத் தந்தவன்?"

கத்தியவன் கணவன் தியாகராஜா. வாசலில் நின்றவள் மாமியார் கமலாம்பிகை. அவளுடைய ஒரு கையில் பழப்புளி, மறு கையில் பதக்கம். குத்துவிளக்கைத் துலக்கவென்று சாமித்தட்டின் கீழிருந்த பையை அவிழ்த்தவள் அவள்தான். திரிகளுக்கிடையில் புதைந்து கிடந்தது அது. வெள்ளி வட்டம். கீழே ஒரு டாங்கி, நடுவில் சிவப்பாய் ஏதோ விளங்காத எழுத்து, மேலே மூன்று விமானங்கள். கமலாம்பிகைக்கு எழுத்து தேவைப்படவில்லை. விமானங்கள் போதும்.

"பொம்மரடா தம்பி... பொம்மர்! பாண் வாங்கப் போன என்ர குகதாசனை இதுதானே திண்டது! அவன்ர திவசத்தில... அவன்ர படத்துக்குக் கீழ கொண்டந்து ஒளிச்சு வைச்சிருக்கிறாளே, ஐயோ!"

குகதாசன் அவளுடைய இளைய மகன். தொண்ணூறாம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் பொம்மர் விமானம் போட்ட குண்டில் போனவன். தாய் அள்ளி எடுத்தது பாதி உடம்பைத்தான்.

"வேலைக்குப் போற வீட்டில தந்தது மாமி," சிவனேஸ்வரி வாயைத் துடைத்தாள். "வேரா எண்டு ஒரு ரஷ்யக் கிழவி. பெரிய யுத்தத்தில பொம்மர் ஓட்டினவ. தைரியத்துக்கெண்டு அவவுக்கு அரசாங்கம் குடுத்தது..."

தியாகராஜா சிரித்தான். அடியைவிட அந்தச் சிரிப்பு மோசம்.

"கேட்டீங்களே அம்மா! பொம்பிளை பொம்மர் ஓட்டினவளாம்! இவளுக்குச் சைக்கிள் ஓடத் தெரியாது, இவளின்ர கிழவி பொம்மர் ஓட்டினவளாம்! எடியே, எந்தக் கிழவனுக்கடி கால் பிடிச்சு வாங்கினனி?"

அடுத்தது காதில். அதற்கடுத்ததற்கு அவன் பெல்ட்டை உருவினான்.

கமலாம்பிகை தடுக்கவில்லை. "கிழவனோ கிழவியோ, குண்டு போட்ட கைதானே! அந்தக் கையைக் கழுவித் துடைச்சுப்போட்டு வந்து என்ர பிள்ளைக்குச் சமைக்கிறியே... நீயும் ஒரு பொம்பிளையோ!"

பெல்ட்டைவிட அது ஆழமாக இறங்கியது. ஊரிலிருந்து ஒருவரைத்தான் அழைக்கலாம் என்ற நிலை வந்தபோது, "மாமியைக் கூப்பிடுங்கோ, பிள்ளையைப் பறிகுடுத்தவ" என்று கணவனின் காலைப் பிடித்தவள் சிவனேஸ்வரி. அவளைப் பெற்றவள் இன்னும் கொக்குவிலில், பொம்மர் இரைந்தால் பங்கர்க் குழிக்குள் தவழ்ந்து இறங்கிக்கொண்டிருக்கிறாள். மாமிக்கு இது தெரியாது. 'என்ர மகன் என்னை விடேல்லை' என்று மனோர் பார்க் முருகன் கோயில் முழுக்கச் சொல்லித் திரிகிறாள். சிவனேஸ்வரி ஒருநாளும் வாய் திறந்ததில்லை. வாய் திறக்காத பெண்ணை நல்ல பெண் என்பார்கள். பிறகு அந்த வாயிலேயே அடிப்பார்கள்.

வாசல் மணி அடித்தது.

கையில் சுற்றிய பெல்ட்டோடு தியாகராஜா கதவைத் திறந்தான். அவனைவிட உயரமாய் ஒரு கிழவி நின்றாள். கறுப்புக் கோட்டு, கைத்தடி, வெள்ளைப் பூக்கள். செத்தவனுக்கான சாப்பாடென்றால் நானும் வருவேன் என்று சிவனேஸ்வரியிடம் கேட்டு வாங்கிய அழைப்பு. அவன் என்னவோ சொல்ல வாயெடுத்தான். கைத்தடியால் அவனை ஒதுக்கிவிட்டு வேரா உள்ளே வந்தாள். சிவனேஸ்வரியின் உதட்டைப் பார்த்தாள். பூக்களைக் குகதாசனின் படத்தடியில் வைத்தாள்.

கமலாம்பிகை பதக்கத்தை நீட்டினாள். "உவவோ? உவவோ பொம்மர் ஓட்டினவ? கேளடி உவவிட்டை... ஆற்ற பிள்ளையளுக்கு மேல போட்டவ எண்டு கேள்!"

இரத்தம் காயாத வாயால் சிவனேஸ்வரி ஆங்கிலத்தில் கேட்டாள். கிழவி கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னதைத் தமிழில் சொன்னாள்.

"முதல்ல எதிரிப் படைதான் அவயின்ர ஊரை எரிச்சதாம் மாமி. தாயும் தங்கச்சியும் உள்ளுக்கையாம். அதுக்குப் பிறகுதான் பொம்மரில ஏறினவவாம். இருட்டிலதான் பறக்கிறதாம், கீழ ஆர் எண்டு தெரியாதாம். ஆனா... அங்கையும் தாய்மார் இருந்திருப்பினம் எண்டு சொல்லுறா."

"மன்னிப்புக் கேக்கேல்லையோ?"

"இல்லை."

"நல்லது. கேட்டாலும் நான் குடுத்திருக்கமாட்டன்." கமலாம்பிகை மூக்கை உறிஞ்சினாள். "உனக்கேன் உந்தப் பதக்கத்தைத் தந்தவ?"

வேராவுக்கு என்ன விளங்கியதோ, சிவனேஸ்வரியின் சட்டைக் கையை மேலே இழுத்துவிட்டாள். அடிபட்டுக் கன்றிய கண்டல்கள். முழங்கைக்கு மேலே அயன்பெட்டியின் முனை அப்படியே பதிந்த தழும்பு. கிழவி அதைத் தொட்டு ஏதோ சொன்னாள்.

"என்னவாம்?"

"நான் வேலை முடிய... ஒவ்வொரு பின்னேரமும் இந்த வீட்டுக்குத் திரும்பி வாறனாம்..." சிவனேஸ்வரி சட்டைக் கையை இறக்கினாள். "அந்தத் தைரியம் தனக்கு இல்லையாம். அதுதான் தந்தவ."

"இது எங்கட வீட்டு விஷயம்!" தியாகராஜா பாய்ந்து வந்து பெல்ட்டை ஓங்கினான். சிவனேஸ்வரி அதைக் காற்றிலேயே பிடித்தாள். முதல் தடவையாகப் பிடித்தாள். அவன் இழுக்க, அவள் விடவில்லை. அடுத்த கணம் சுடச்சுடப் பூசணிக்காயோடு அகப்பை அவன் வாயில் விழுந்தது.

அடித்தவள் கமலாம்பிகை.

"அம்மா!"

"பொத்தடா வாயை! பொம்மர் இரைஞ்சா நான் பங்கருக்குள்ள ஓடினனான். மேல் அறையில இவளுக்கு அடி விழுறது கேட்டா ரிவிச் சத்தத்தைக் கூட்டி வைச்சனான்... பாவி, நானும் கூட்டி வைச்சனான்! இவள் எங்கையடா ஓடுறது? இந்த வீட்டில இவளுக்குப் பங்கர் எங்கையடா!"

"அவளோட போய்ச் சேருங்கோ!" அவன் வாயைப் பொத்திக்கொண்டு அலறினான். "உங்களைக் கூப்பிடச் சொல்லி நிண்டதே உவள்தான்! தன்ர தாயை விட்டுட்டு! நான் வேண்டாமெண்டுதான் சொன்னனான்!"

கமலாம்பிகை மெல்லத் திரும்பினாள். "பிள்ளை... உன்ர அம்மாவை அங்கை விட்டுட்டோ...?" மருமகளைக் கட்டிக்கொண்டு, அவளுடைய தோளிலேயே ஓவென்று அழுதாள். சிவனேஸ்வரியும் அழுதாள், ஆனால் அழுதுகொண்டே அடுப்பை அணைத்தாள்.

"நான் போறன் மாமி. இனி இஞ்சை ஏலாது. வேரா வீட்டில அறை இருக்கு."

"எனக்கும் இடம் இருக்குமோ எண்டு கேள்."

அவள் கேட்குமுன்னே கிழவி தலையாட்டினாள்.

கமலாம்பிகை பதக்கத்திலிருந்த புளியை முந்தானையால் துடைத்து, மருமகள் எடுத்துப் போட்டுக்கொண்ட கோட்டில் குத்திவிட்டாள். "என்ர பிள்ளைக்கு முன்னால உது வேண்டாம். உன்ர நெஞ்சில கிடக்கட்டும்." பிறகு மகனின் படத்தைச் சுவரிலிருந்து கழற்றினாள், பூக்களையும் எடுத்தாள்.

"அம்மா... படையல்?"

"அங்கை வைக்கிறம். உவவின்ர தாய்க்கும் தங்கச்சிக்கும் சேத்து வைக்கிறம். நீ உனக்கு அவி!"

தெருவுக்கு வந்தபோது, ஆற்றுப் பக்கத்து விமான நிலையத்தில் இறங்குகிற விமானம் ஒன்று கூரைகளை உரசுவதுபோல் இரைந்துகொண்டு போனது. கமலாம்பிகை படத்தை நெஞ்சோடு அணைத்தபடி எப்போதும்போலக் குந்தினாள். கறிச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு, சிவனேஸ்வரியும் குனிந்து அவளைத் தன் கோட்டால் மூடினாள்.

வேரா மட்டும் அண்ணாந்து பார்த்தாள். சத்தம் அடங்கும்வரை பார்த்துவிட்டு, குந்தியிருந்தவளுக்குக் கையை நீட்டினாள்.

கமலாம்பிகை அந்தக் கையைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அதைப் பிடித்துக்கொண்டு எழும்பினாள்.