பீங்கானில் விழுந்த பனி

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகிற காலை பஸ்ஸில் ஒரு வழக்கம் உண்டு. நிற்கிறவர் கையில் பாரம் இருந்தால், உட்கார்ந்திருக்கிறவர் மடி அதை வாங்கிக்கொள்ளும். கேட்க வேண்டியதில்லை. கொடுக்க வேண்டியதுதான்.

எண்பத்தெட்டாம் வருஷம், மார்கழி முதல் தேதி, அய்யூப்பின் மடியில் வந்து இறங்கியது அறுபது முட்டை.

இரண்டு அட்டைகள், ஒன்றன்மேல் ஒன்றாகச் சணல் போட்டுக் கட்டியிருந்தது. திடுக்கிட்டு நிமிர்ந்தான். முதலில் தெரிந்தது ஒரு பச்சை முக்காடு... அதற்குள் இரண்டு கண்கள். வெளியே மலையைக் காணோம், ரோட்டைக் காணோம். எங்கே பார்த்தாலும் பனி. அந்தக் கண்களில் மட்டும் விடிந்துவிட்டிருந்தது.

"செத்த ஆடாமப் பிடிங்க. அடை வைக்கிற முட்டை."

"ஆடுனா என்னாகும்?"

"குஞ்சு கிறுகிறுத்துப் பொறக்கும். பொறவு உங்களைத் தேடி வந்து கேக்கும்."

அவன் எழுந்து இடம் தரப் பார்த்தான். நீங்கள் எழுந்தால் முட்டையை யார் பிடிக்கிறது என்று கேட்டு உட்கார வைத்துவிட்டாள். நியாயம்தான்.

பஸ் நகர நகர அவள் கதையும் நகர்ந்தது. பேர் ஆரிபா. மதுரையில் மூன்று மாதம் கோழி வளர்ப்புப் பயிற்சி முடித்தவள். ராஜபாளையத்து வீட்டில் பல்பு சூட்டில் குஞ்சு பொரிக்கிற மரப்பெட்டி ஒன்று வைத்திருக்கிறாள். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துப் பண்ணையில் முட்டை வாங்கி, இதுவரை இரண்டு தடவை வைத்தாயிற்று. இரண்டு தடவையும் குஞ்சு ஓட்டுக்குள்ளேயே விறைத்துப் போனது. காரணம், விடியற்காலம் ஐந்தே முக்காலுக்குப் போகிற கரண்டு. வெயில் ஏறினால்தான் திரும்பி வரும். முதல் இரண்டு வாரம் கரி அடுப்பு மூட்டிச் சமாளிக்கலாம். கடைசி வாரம் முட்டை தாங்காது. இந்த மூன்றாவது ஈடும் கெட்டால் பெட்டியை விற்றுவிட்டு, திருநெல்வேலி மாப்பிள்ளைக்குச் சரி என்று சொல்லிவிட வேண்டும் என்பது அவள் அத்தா முத்து முகம்மதுவின் தீர்ப்பு.

"கரண்டு ஆபீசுல சொல்லலையா?" என்று மெதுவாகக் கேட்டான்.

"நாலு கடுதாசி எழுதியாச்சு. புதுசா ஒரு ஜே.இ. வந்திருக்காராம். ஒரே ஒரு வரி பதில் போட்டிருக்காரு. குளிர்காலத்துல எல்லாரும் ஹீட்டர் போடுறதால லோடு கூடிக் கரண்டு போகுதாம். எங்க தெருவுல எந்த வீட்டுல ஹீட்டர் இருக்குன்னு அந்தப் பெரிய மனுசரைக் கூட்டிட்டு வந்து காட்டச் சொல்லணும். நாங்க விறகு அடுப்புல வெந்நி போடுற ஆளுக."

அந்தப் பெரிய மனுசர், புதுசாக வந்த ஜூனியர் இன்ஜினியர், அய்யூப்தான். வேலையில் சேர்ந்து ஒன்றரை மாதம். குளிர் கடுமையானால் ஊரெல்லாம் வீட்டைச் சூடாக்கும், லோடு தாங்காமல் மின்சாரம் விழும் என்று புத்தகத்தில் படித்தது, குளிர்நாட்டுக்காரன் எழுதிய புத்தகம். அதை அப்படியே எடுத்து எழுதிவிட்டான். தெருவை எட்டிப் பார்க்கவில்லை.

சொல்லிவிடலாமா...? சொன்னால் இந்தக் கண்கள் திரும்பிக்கொள்ளுமே. அவன் இறங்க வேண்டிய இடம் வந்தது. மடி நிறைய முட்டையோடு எப்படி எழுந்திருப்பது? போனது. பஸ் ஸ்டாண்டில் இறங்கி, அட்டைகளை அவள் கையில் கொடுக்கிற நேரம் பார்த்து, சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார் லைன்மேன் இருளப்பசாமி.

"என்ன ஜே.இ. சார், ஆபீசைத் தாண்டி வந்துட்டிய? முட்டை யாவாரம் ஆரம்பிச்சாச்சோ?"

ஆரிபா அவனைப் பார்த்தாள். முகம் சிவந்தது. அவன் எதிர்பார்த்தபடி கண்கள் திரும்பவில்லை, நேராக நின்றன.

"சொன்னதுல ஒண்ணையும் திருப்பி வாங்க மாட்டேன், சார்."

முட்டைகளை அணைத்துக்கொண்டு பனிக்குள் போய்விட்டாள்.

பத்தாம் நாள் ஐந்தாவது கடிதம் வந்தது. நான்கு பக்கம், ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட கட்டங்கள். கார்த்திகை பதினைந்திலிருந்து ஒவ்வொரு நாளும் தேதி, பனி உண்டா இல்லையா, கரண்டு போன நேரம், வந்த நேரம். பனி விழுந்த நாளெல்லாம் கரண்டு போயிருந்தது. பனி இல்லாத நாளில் போகவில்லை. மார்கழி நாலிலிருந்து ஆறு வரை மழை. அதற்கு அடுத்த மூன்று நாள் பனி இருந்தும் போகவில்லை. கீழே அடக்கமாக ஒரு வரி: 'மழைக்கும் ஹீட்டருக்கும் என்ன சம்பந்தம் என்று அன்புகூர்ந்து தெரியப்படுத்தவும். இப்படிக்கு, மு. ஆரிபா.'

வாய்விட்டுச் சிரித்தான் அய்யூப். பிறகு சிரிப்பு நின்றது. மழை எதையோ கழுவுகிறது... பனி அதையே நனைக்கிறது. படித்தவனுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். ஆனால் அவனுடைய ஒரு வரிப் பதிலின் நகல் மேலதிகாரியின் மேஜையில் இருக்கிறது. முதல் பதிலே தப்பு என்று தன் கையாலேயே எழுதித் தர வேண்டும். அதுவும் முட்டைக்காரிப் பெண் ஒருத்தி கோடு போட்டுக் காட்டினாள் என்று. கடிதத்தை டிராயரில் வைத்துப் பூட்டினான்.

மூன்று நாள் பூட்டியே கிடந்தது. மூன்று நாளும் விடியலில் கரண்டு போனது. மூன்று நாளும் அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நாலாம் நாள் விடியுமுன் இருளப்பசாமியை அழைத்துக்கொண்டு அவள் தெருப் பக்கம் போனான். பஞ்சு மில்லின் பின்சுவரை ஒட்டி வரிசையாகப் பதினோரு கம்பங்கள். மில்லுக்குள்ளிருந்து தூசியை வெளியே தள்ளுகிற காற்றாடிகள் அந்தப் பக்கம் பார்த்துத்தான் சுழன்றன. டார்ச் அடித்தால், கம்பி உட்கார்ந்திருக்கிற பீங்கான்கள் எல்லாம் பஞ்சுத் தூசி படிந்து நரைத்துப் போயிருந்தன. பஞ்சில் பனி ஊறிச் சொட்டியது. காது கொடுத்தால் உஸ்ஸென்று எண்ணெயில் கடுகு போட்ட சத்தம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஊதா நிறத்தில் ஒரு பொறி பீங்கான்மேல் புழுப்போல் நெளிந்து இரும்புச் சட்டத்தைத் தொட்டது. தெரு அணைந்தது.

"ஈரப் பஞ்சு வழியா கரண்டு கம்பத்துல இறங்குதுல்லா சார். தெருவுக்கு வர்ற பீடர் லைன் பொறவு எங்கன நிக்கும்?" என்றார் இருளப்பசாமி.

அய்யூப் அவரைப் பார்க்கவில்லை. எதிர்வீட்டு ஜன்னலில் ஒரு அரிக்கேன் விளக்கு ஓடியது. பெட்டிமேல் சாக்கைப் போர்த்தி, கரி அடுப்பை ஊதி ஊதி மூட்டிக்கொண்டிருந்தாள் ஆரிபா. கண்ணைக் கசக்குகிறாள்... புகையா, அழுகையா? தெரியவில்லை. மூன்று நாள், டிராயரின் மூன்று நாள், அந்தப் புகையில் இருந்தது.

கதவைத் தட்டினான். பள்ளிவாசலில் தொழுதுவிட்டு வந்த முத்து முகம்மதுவும் அப்போதுதான் படியேறினார். சலாம் சொல்லி, அவர் முன்னாலேயே அவளிடம் பேசினான்.

"ஹீட்டர் இல்லைங்க. பஞ்சும் பனியுந்தான். நீங்க எழுதினதுதான் சரி. உங்க கடுதாசி மூணு நாளா என் டிராயர்ல கெடக்கு."

"எதுக்கு?"

"ரோசம்."

அவள் திரும்பி அடுப்பைப் பார்த்தாள். அவன் தொடர்ந்தான். எல்லாப் பீங்கானையும் துடைக்க வேண்டும், நாலு மணி நேரம் கரண்டை நிறுத்தியே ஆக வேண்டும்...

"உங்க முட்டைக்கு எந்த நேரம் தோதுப்படும்?"

முத்து முகம்மது மளிகைக்கடை வைத்து இருபத்தைந்து வருஷம் ஆகிறது. கரண்டை நிறுத்துமுன் ஒரு ஆபீசர் வீடு தேடி வந்து, அதுவும் முட்டையிடம் அனுமதி கேட்டதை அவர் கண்டதில்லை. மகளைப் பார்த்தார். அவளோ, அத்தா நிற்கிறதையே மறந்து, விரல் விட்டுக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினொன்றிலிருந்து மூன்று வரைக்கும் என்றாள். அந்த வெயிலில் அறை தானாகவே சூடு பிடிக்கும்.

மறுநாள் பதினொன்றுக்குக் கம்பத்தில் ஏறியவர்களில் அய்யூப்பும் ஒருவன். ஜே.இ. ஏற வேண்டியதில்லை. லைன்மேன்கள் சிரித்தார்கள். இந்தப் பக்கத்துப் பீங்கானை மட்டும் சார் எதற்கு இப்படி முகம் பார்க்கிற மாதிரி தேய்க்கிறார் என்று இருளப்பசாமி சத்தமாகவே கேட்டார். கீழே வாசலில் மோர்ச் செம்போடு நின்ற ஆரிபா காதில் விழாத மாதிரி நின்றாள். உதடு மட்டும் காட்டிக்கொடுத்தது.

சாயங்காலம் மேலதிகாரிக்கு அறிக்கை எழுதினான். முன்பு நான் எழுதியது தவறு, காரணத்தைக் கண்டறிந்தவர் நுகர்வோர் மு. ஆரிபா என்று எழுதி, நகல் ஒன்றை அவளுக்கும் தபாலில் சேர்த்தான். இரண்டு நாள் நடையாய் நடந்து, மில் காற்றாடிகளுக்குச் சாக்குத்திரை கட்ட வைத்தான்.

மார்கழி இருபத்தொன்று. ஊரே வெள்ளையாகிப் போன பனி. பத்தடியில் நிற்கிற ஆள் தெரியவில்லை. ஆரிபா பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து கடிகாரத்தையும் பல்பையும் மாறி மாறிப் பார்த்தாள். ஐந்தரை... ஐந்தே முக்கால்... யா அல்லாஹ். ஆறு. பல்பு கண் சிமிட்டவில்லை.

ஆறே காலுக்கு ஒரு ஓட்டில் கீறல் விழுந்தது. கீறலுக்குள்ளிருந்து ஒரு மூக்கு. அப்புறம் அடுத்தது... அடுத்தது... ஏழு மணிக்குள் பெட்டி முழுக்கக் கீச்கீச்சென்று ஒரே கூச்சல். முத்து முகம்மது குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், திரும்பவும் குனிந்தார். பெட்டியை விற்கிற பேச்சும் திருநெல்வேலிப் பேச்சும் அதோடு அவர் வாயிலிருந்து போயே போயின.

வெளியே கம்பத்தடியில் அண்ணாந்து பார்த்தபடி ஒரு உருவம். ஈரக் குஞ்சு ஒன்றை முந்தானையில் பொதிந்துகொண்டு ஆரிபா வாசலுக்கு வந்தாள்.

"அஞ்சு மணிலருந்து நிக்கிறீகளா?"

"நாலரைலருந்து." அவன் தலைமுடியில் பனி முத்து முத்தாக நின்றது. "எல்லாம் நல்லா நிக்குது. இனிமே இந்தத் தெருவுக்கு வர எனக்கு வேலை இல்லை. அதான் மனசுக்குச் சங்கடமா இருக்கு."

"வேலை இருந்தாத்தான் வருவீகளோ?"

"சும்மா வந்தா உங்கத்தா என்னன்னு கேப்பாகளே. உங்க மகளைப் பிடிச்சிருக்குன்னு சொல்லட்டுமா?"

குஞ்சு கீச்சென்றது. அவளுக்குத் தலை தானாகக் குனிந்தது. ஆனால் குரல் குனியவில்லை.

"அதை மொத மொத எங்கிட்டல்ல சொல்லணும்."

அவன் ஒரு படி கிட்டே வந்தான்.

"ஆரிபா... எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு."

"எனக்குந்தான்." இவ்வளவு சின்னக் குரல் தன்னிடம் இருப்பது அவளுக்கே அன்றுதான் தெரிந்தது. "வெள்ளிக்கிழமை உங்கம்மாவைக் கூட்டிட்டு வாங்க. ஜும்மா முடிஞ்சு சாப்பிட்டு உக்காந்திருக்கிற நேரம், அத்தா எதுக்கும் இல்லைன்னு சொல்ல மாட்டாக."

உள்ளேயிருந்து ஒரு இருமல் கேட்டது. இருவரும் உறைந்து நின்றார்கள்.

"வெள்ளிக்கிழமை நான் விருதுநகருக்குச் சரக்கெடுக்கப் போறேன்," என்றார் முத்து முகம்மது, பெட்டியிலிருந்து தலையை எடுக்காமலே. "வியாழக்கிழமை வரச் சொல்லு."