சாகாத எலிகள்

"ஐயோ... கிருபன் அண்ணை! ஓடி வாங்கோ!"

ரொறன்ரோ ஆய்வுக்கூடத்தின் காலை அமைதியைக் கிழித்தது டொக்டர் சிவானியின் அலறல்.

எலிகளின் வைத்தியர் கிருபன், கையிலிருந்த கோப்பியோடு ஓடி வந்தார்.

"ஆர் செத்தது?"

"ஒருத்தரும் சாகேல்லை! அதுதான் பிரச்சினை!"

இரண்டு கூடுகள். எல்லா எலிகளுக்கும் வைரஸால் வரும் இரத்தப் புற்றுநோய். வலது கூட்டுக்கு, அந்த வைரஸ் புகுந்த செல்களைத் தேடிக் கொல்லும் ரி-செல் (T-cell) என்ற நோயெதிர்ப்புச் செல் ஊசி. இடது கூட்டுக்கு ஒன்றுமில்லை. இந்நேரம் கூண்டோடு கைலாசம் போயிருக்க வேண்டும்.

அதுகளோ சக்கரத்தில் ஓடிக்கொண்டிருந்தன!

"ஊசி போடாததும் பிழைச்சால், ஊசி வேலை செய்ததெண்டு ஆர் நம்புவினம்? மத்தியானம் மீற்றிங். மனிசருக்குப் போடுறதை நிப்பாட்டிப் போடுவினம்!"

சிவானிக்கு இருப்புக் கொள்ளவில்லை. கதவுக்கும் கூட்டுக்குமாக நடந்தாள்.

கிருபன் இடது கூட்டு எலியொன்றின் வாலில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்தார். மெஷினில் வைத்தார்.

திரையைப் பார்த்து விசிலடித்தார்.

"டொக்டர்... இதுக்குள்ளையும் உங்கடை ரி-செல் ஓடுது. ஆரோ கள்ளமா ஊசி போட்டிருக்கினம்!"

"என்னை அழிக்கவெண்டே வந்த அந்தக் கள்ளன் ஆர்?"

"அதை விடுங்கோ. மிச்ச மருந்தை ஆர் எறியிறது?"

சிவானி சட்டென்று திரும்பினாள்.

கூட ஆய்வு செய்யும் சுபாங்கி கதவோரம் நின்றாள். முகம் வெளிறியிருந்தது.

"நான்தான் அக்கா..."

"நீயா! ஏனடி?"

"நீங்கள் நோய் தொடங்கேக்கையே ஊசி போட்டனீங்கள். அஜின்கோர்ட் ஆஸ்பத்திரியிலை கிடக்கிற என்ரை அம்மாக்கும் இதே புற்றுநோய்தான், முத்திப் போச்சு. முத்தினதும் கேக்குமோ எண்டு..." இடது கூட்டைக் காட்டினாள். "உதுகள் எழும்ப ஏலாமல் கிடக்கேக்கைதான் போட்டனான். எறியிற மிச்சம்தானே அக்கா!"

சிவானி கையை ஓங்கினாள்.

ஓங்கிய கை பாதியில் நின்றது.

"பொறு... எழும்ப ஏலாமல் கிடந்ததுகளோ இப்ப ஓடுது?!"

"ஓம்..."

சிவானி போனை எடுத்தாள். மீற்றிங்காரருக்குச் செய்தி தட்டத் தொடங்கினாள்.

"மீற்றிங்கிலை ஒண்டும் மறைக்க மாட்டன். உனக்கும் பேச்சு விழும், எனக்கும் விழும். பிறகு, முத்தின எலியளோடையே முதலிலையிருந்து செய்வம். நம்பிக்கையை விட வேண்டாமெண்டு அம்மாட்டைச் சொல்லு!"

சுபாங்கி விம்மி அழுதாள்.

கிருபன் ஆறிப்போன கோப்பியை ஒரே மடக்கில் குடித்தார்.

"பழங்கறி திண்டு வயிறு குழம்பினவையைத்தான் இவ்வளவு நாளும் கண்டனான்... மிச்சத்திலை உயிர் பிழைச்சவையை இண்டைக்குத்தான் பாக்கிறன்!"