கடைக்குள் கிணறு வெட்டிக்கொள்ளலாம்!

தரையில் ஒரு தலை இருந்தது.

தலை மட்டும்!

திண்டிவனம் மார்க்கெட் தெருவில் அடகுக் கடை வைத்திருப்பவர் சூசைமுத்து. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஷட்டரைத் தூக்கி, மாதா படத்துக்கு மெழுகுவத்தி ஏற்றிவிட்டுத் திரும்பியபோதுதான் அதைப் பார்த்தார். நகைகள் இருக்கும் இரும்புப் பெட்டிக்கு இரண்டடி தள்ளி, பெயர்ந்த தரைக்கு நடுவே... தலைமுடியெல்லாம் மண்ணாக, கண்கள் இரண்டும் திறந்தபடி!

சூசைமுத்து போட்ட அலறலில் எதிர்க்கடை டீ மாஸ்டர் ஆற்றிக்கொண்டிருந்த டீயைக் கீழே கொட்டினார்.

தலை இமைத்தது.

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமை இல்லீங்களா?" என்று கேட்டது.

சூசைமுத்து மயங்கி விழுந்தார்.

தலைக்குக் கீழே உடம்பும் இருந்தது. அது ஓட்டைக்குள் தோள் மாட்டிக்கொண்டு மேலேயும் வர முடியாமல், கீழேயும் போக முடியாமல் தவித்துக்கொண்டிருந்தது. உடம்பின் பெயர் பூவரசன். பக்கத்துக் கடையை வாடகைக்கு எடுத்து, 'மோட்டார் ரிப்பேர்' என்று போர்டு மாட்டியிருந்தவன். ஞாயிற்றுக்கிழமை சூசைமுத்து சர்ச்சுக்குப் போய்விடுவார், கடை திறக்காது என்பது அவன் போட்ட கணக்கு. ஆனால் இரண்டு வாரமாகக் குழிக்குள்ளேயே குடியிருந்ததில் ஒரு நாள் எங்கேயோ தவறிவிட்டது.

இன்ஸ்பெக்டர் பானுப்ரியா வந்தார். நான்கு கான்ஸ்டபிள்கள் ஒரு கடப்பாரையின் உதவியோடு பூவரசனைப் பிடுங்கி எடுத்தார்கள். ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் உட்கார வைத்ததும், அவன் முதுகு மண்ணைத் தட்டிவிட்டு, சட்டைக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தான். கவருக்குள் கடையின் வாடகைப் பத்திரம்.

"கிணறு வெட்டிக்கினு இருந்தேன் மேடம். கொஞ்சம் தெசை மாறிப் போச்சு. ஒம்பதாவது ஷரத்தைப் படிச்சுப் பாருங்க."

பானுப்ரியா படித்தார். ஒருமுறை. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து இன்னொரு முறை.

'ஒன்பது: மேற்படி இடத்தில் தன் சொந்தச் செலவில் கிணறு வெட்டிக்கொள்ளவும், நீரோட்டம் போகும் திசையில் தோண்டிக்கொள்ளவும் வாடகைதாரருக்குப் பூரண உரிமை உண்டு. உரிமையாளர் தடை சொல்லக்கூடாது.'

பத்தடிக்குப் பதினைந்தடி கடைக்குள் கிணறு!

கடையின் சொந்தக்காரி அம்சா அரை மணி நேரத்தில் ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்தார். ஒலக்கூர் பக்கம் பத்து ஏக்கர் வைத்துப் பயிர் செய்கிற குடும்பம். கடைக்குப் பின்னால் மண் மேடாகக் குவிவதைப் பார்த்து, பத்து நாளைக்கு முன்பே பூவரசனிடம் சண்டைக்குப் போனதாகச் சொன்னார். அவன் இதே பத்திரத்தைக் காட்டியிருக்கிறான். அம்சா உடனே பத்திரம் எழுதிய வக்கீலுக்கு போன் போட்டிருக்கிறார்.

"அவரு என்னா சொன்னாரு?"

"நான் எழுதுனா காரணமாத்தான் எழுதியிருப்பேன், அந்தாளைத் தொந்தரவு பண்ணாதம்மான்னு சொன்னாரு மேடம்."

பானுப்ரியாவின் புருவம் உயர்ந்தது. கிணறு வெட்ட அனுமதி எழுதியவரும் அவரே. தடுக்கப் போனவரைத் தடுத்தவரும் அவரே.

"அந்த வக்கீல் நம்பரைக் குடுங்க."

விழுப்புரம் கோர்ட்டுக்கு எதிர்ச்சந்தில், வக்கீல் மாசிலாமணியின் ஆபீஸில் போன் அலறியது.

மாசிலாமணிக்கு இருபத்தாறு வருஷ சர்வீஸ். அந்த இருபத்தாறு வருஷத்தில் தான் தப்பு செய்ததாக ஒரு தடவைகூட அவர் ஒப்புக்கொண்டதில்லை. கேஸ் தோற்றால் ஜட்ஜ் சரியில்லை. வாய்தா தவறினால் காலண்டர் சரியில்லை. கட்சிக்காரர் கோபித்துக்கொண்டால் அவருக்கு ஜாதகம் சரியில்லை. அப்பேர்ப்பட்டவரை மதியத்துக்குள் திண்டிவனம் வந்து சேரச் சொல்லிவிட்டு, மறுபேச்சு கேட்காமல் போனை வைத்தார் இன்ஸ்பெக்டர். மாசிலாமணி கிளம்பினார். கூடவே, பத்தொன்பது வருஷமாக அவரிடம் டைப்பிஸ்டாக இருக்கும் ஜெயமும் கம்ப்யூட்டரில் இருந்ததையெல்லாம் பென்டிரைவில் போட்டு எடுத்துக்கொண்டு கிளம்பினாள். விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் நின்றபோது, எதற்கும் முன்கூட்டி ஒரு ஜாமீன் மனு டைப் பண்ணலாமா என்று அவள் கேட்டாள். அவர் முறைத்தார்.

ஸ்டேஷனில் பானுப்ரியா சுற்றி வளைக்கவில்லை. நேராகவே சொன்னார். பூவரசன் ஏ-ஒன். பத்திரத்தில் வழி செய்து கொடுத்த வக்கீல் ஏ-டூ. கூட்டுச் சதி. ரிமாண்டுக்கு ராத்திரி ஆகாது, சாயங்காலமே போய்விடலாம். கேஸ் உறுதியானால் கறுப்புக் கோட்டை ஆணியில் மாட்டிவிட வேண்டியதுதான்.



"ஒண்ணு, தெரிஞ்சு எழுதியிருக்கணும். இல்ல, தெரியாம எழுதியிருக்கணும்," என்றார் பானுப்ரியா. "ரெண்டுல எது சார்?"

தெரியாமல் எழுதினேன் என்று சொல்ல வேண்டும். ஒரே வார்த்தை! அதைச் சொன்னால் பாதி ஜெயில் கதவு திறந்துவிடும். மாசிலாமணி வாயைத் திறந்தார். இருபத்தாறு வருஷத்துப் பழக்கம் முந்திக்கொண்டது.

"ஒரு வணிக இடம்னா தண்ணி வசதி ரொம்ப முக்கியம் மேடம். அதனால நல்லா யோசிச்சுத்தான் அந்த ஷரத்தைப் போட்டேன்."

"யோசிச்சுத்தான் போட்டாராம். எழுதிக்குங்க ரைட்டர்."

ரைட்டர் எழுதினார். ஜெயம் தலையில் அடித்துக்கொண்டாள். மூலையில் கைவிலங்கோடு இருந்த பூவரசன்கூட வக்கீலைப் பரிதாபமாகப் பார்த்தான்.

"சார், ஜல்தியா உண்மையைச் சொல்லிடுங்க," என்றாள் ஜெயம். "எங்க வூட்டுல நான் ஒருத்திதான் சம்பாதிக்கிறேன். நீங்க உள்ள போய்ட்டா எனக்கு யாரு வேலை குடுப்பா?"

மாசிலாமணி லாக்கப் கம்பிகளைப் பார்த்தார். மனைவியை நினைத்தார். கோர்ட் கேன்டீனில் மற்ற வக்கீல்கள் எப்படிச் சிரிப்பார்கள் என்றும் நினைத்தார். இரண்டாவது நினைப்புதான் அதிகமாக வலித்தது. தொண்டையைச் செருமினார். இன்னொரு முறை செருமினார்.

"அது... தப்பு மேடம். படிக்காம விட்டுட்டேன்."

சொல்லி முடித்ததும் அவமானத்தில் அவருக்குக் காது மடல்கள் சுட்டன.

மீதியை ஜெயம் சொன்னாள். பதினான்கு வருஷத்துக்கு முன்னால் முண்டியம்பாக்கம் சின்னக்கண்ணு என்கிற விவசாயி, தன் மல்லாட்டைக் கொல்லையை, அதாவது வேர்க்கடலை விளைகிற நிலத்தை, குத்தகைக்கு விட வந்தார். அவருக்காகப் பதினான்கு ஷரத்துகளோடு ஒரு பத்திரம் தயாரானது. அதன் அழகில் மயங்கிப்போன மாசிலாமணி, கம்ப்யூட்டரில் அதற்கு 'மாதிரி' என்று பெயர் வைத்தார். அன்றிலிருந்து யார் என்ன இடத்தை வாடகைக்கு விட்டாலும் அதே மாதிரிதான். குத்தகைதாரர் என்று இருக்கிற இடங்களில் வாடகைதாரர், கொல்லை என்று இருக்கிற இடத்தில் கடை, பிறகு பெயர், தேதி, தொகை. ஷரத்துகளை யாரும் தொடுவதில்லை. முதல் பக்கத்தில் பெயர் சரியாக இருக்கிறதா என்று கட்சிக்காரர் பார்ப்பார். கடைசிப் பக்கத்தில் வக்கீல் கையெழுத்துப் போடுவார். நடுப்பக்கங்களைப் படித்த முதல் ஆள் பூவரசன்தான்.

"ஆமா மேடம்," என்றான் பூவரசன் மூலையிலிருந்து. "நெஜமாவே மோட்டார் கடை வைக்கத்தான் வந்தேன். ஒம்பதாவது ஷரத்தைப் படிச்சப்பறம்தான் எண்ணமே வந்துச்சு."

"இதை நான் நம்பணும்னா அத்தாட்சி வேணும்," என்றார் பானுப்ரியா.

ஜெயம் தயாராக இருந்தாள். பென்டிரைவை ஸ்டேஷன் கம்ப்யூட்டரில் சொருகினாள். பத்திரங்கள் வரிசையாகத் திறந்தன.

விக்கிரவாண்டி ஆண்டோ மொபைல்ஸ். விளைகிற மல்லாட்டையில் பாதியை, செடி பிடுங்கிய மூன்றாம் நாள் கட்டட உரிமையாளரின் களத்தில் சேர்க்க ஆண்டோ சம்மதித்திருந்தான்.

விழுப்புரத்தில் ஒரு பல் ஆஸ்பத்திரி. அந்த டாக்டர், இடத்தில் ஆடு மாடு மேய விடமாட்டேன் என்று உறுதி கொடுத்திருந்தார்.

அடுத்தது பியூட்டி பார்லர் நடத்தும் கவிதா. பானுப்ரியாவே அவருக்கு போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, வருஷா வருஷம் ஆடி மாதத்துக்குள் இடம் முழுக்கத் தொழு எரு கொட்டிப் பரப்புவதாக ஒப்புக்கொண்டிருக்கிறாரே, செய்கிறாரா என்று விசாரித்தார்.

"எருவா?" என்று கேட்டது போன். "மேடம், அந்த வக்கீல் அங்கதான் இருக்காரா? அவருகிட்ட குடுங்களேன், ரெண்டு வார்த்தை பேசணும்."

மாசிலாமணி வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

ஒவ்வொரு பத்திரமாகத் திறக்கத் திறக்க அவருக்கு ஜெயில் ஓரடி தூரமாகப் போனது. மானம் இரண்டடி தூரமாகப் போனது. நாற்பத்து மூன்றாவது பத்திரத்தில், ஒரு கல்யாண மண்டபத்துக்காரர் மழை பொய்த்தால் வாடகையில் கால் பங்கு தள்ளுபடி தரச் சம்மதித்திருந்ததைக் கண்டதும், ரைட்டர் சிரிப்பை அடக்க முடியாமல் தண்ணீர் குடிக்கிற சாக்கில் வெளியே போனார்.

பானுப்ரியா மட்டும் சிரிக்கவில்லை.

"நாப்பத்து மூணு பத்திரத்துலயும் கிணறு இருக்குது சார். நாப்பத்து மூணு கடைக்கும் திட்டம் போட்டு வச்சிருக்கீங்களோ என்னமோ. தப்பு பண்ணவன் முட்டாள் வேஷம் கட்டுறதை நான் நெறைய பாத்திருக்கேன்."

மாசிலாமணிக்கு முகம் வெளிறிவிட்டது. நடிக்கவில்லை, நிஜமாகவே இப்படித்தான் என்று எப்படி நிரூபிப்பது? ஜெயத்துக்கும் வழி தெரியவில்லை. முதல்முறையாக அவள் கண்ணில் நீர் கட்டியது.

பானுப்ரியா எழுந்து உள்ளே போனார். கீபோர்டு தட்டுகிற சத்தம் பத்து நிமிஷம் கேட்டது. பிரின்டர் நான்கு தடவை இருமியது. நான்கு தாள்களோடு வெளியே வந்தார்.

"சரி சார். நீங்க சொன்னதையெல்லாம் டைப் பண்ணியிருக்கேன். வாக்குமூலத்துல கையெழுத்துப் போட்டுட்டு நீங்க கிளம்பலாம்."

கிளம்பலாம்! மாசிலாமணிக்கு உயிர் திரும்பி வந்தது. பேனாவை எடுத்தார்.

"ரொம்ப நன்றி மேடம்." முதல் தாளில் கையெழுத்து. "இன்னிக்கு எனக்குப் புத்தி வந்துடுச்சு." இரண்டாவது தாள். "இனிமே எதுவா இருந்தாலும் ஒவ்வொரு வரியா படிப்பேன்." மூன்றாவது. "படிக்காம எதுலயும் கை வைக்க மாட்டேன். இது சத்தியம்." நான்காவது!

பானுப்ரியா தாள்களை வாங்கினார். இரண்டாவது பக்கத்தை எடுத்து நிதானமாகப் படித்தார்.

"'பூவரசனுக்குத் திட்டம் போட்டுக் கொடுத்தது நான்தான். முதல் மண்வெட்டியைப் போட்டதும் நான்தான். அடுத்ததாக விழுப்புரத்தில் உள்ள கருவூலத்துக்குக் கிணறு வெட்ட உத்தேசித்திருந்தேன்.'"

மாசிலாமணியின் கையிலிருந்து பேனா நழுவியது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். இருபத்தாறு வருஷமும், கோட்டும், வீடும் அந்த நான்கு கையெழுத்துக்குள் போய்விட்டன என்று அவருக்குப் புரிந்தது.

"மேடம்... இது அநியாயம்..."

"உக்காருங்க சார்." பானுப்ரியா நான்கு தாள்களையும் சேர்த்துக் கிழித்தார். இரண்டாக. நான்காக. எட்டாக. "சதி பண்றவனா இருந்தா இதை மூணு தடவை படிச்சிருப்பான். நீங்க தலைப்பைக்கூட பாக்கல. உங்க மேல எனக்கு இருந்த சந்தேகமெல்லாம் போயிடுச்சு. நீங்க சாட்சி, அவ்வளவுதான். போய்ட்டு வாங்க."

மாசிலாமணி கைகூப்பினார். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"இன்னொண்ணு சார்," என்றார் பானுப்ரியா. "போலீஸ் எழுதுற வாக்குமூலத்துல கையெழுத்தே வாங்கக்கூடாது. அது சட்டம். ஏன் கேக்கறீங்கன்னு நீங்க ஒரு வார்த்தை கேட்டிருந்தாக்கூட, இந்நேரம் உள்ள இருந்திருப்பீங்க."

மாசிலாமணி வாசலுக்கு நடந்தார். எதிரே ரோட்டில் ஒரு பஸ் வந்து நின்றது. இந்த ஊரை விட்டுப் போனால் போதும் என்று அவர் படியில் கால் வைத்தார். ஜெயம் ஓடிவந்து அவர் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தாள்.

"எறங்குங்க சார். போர்டைப் படிங்க, அது சென்னை போவுது."