காலி மேடையின் எடை

திங்கட்கிழமை காலை எடைமேடை அறையைத் திறந்து, விசையைப் போட்டுவிட்டு, எடை காட்டும் பெட்டி விழித்துக்கொள்ளும்வரை அவர் மூக்குக்கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தபோது பெட்டி அறுபது கிலோ என்று காட்டியது. ஜன்னலுக்கு வெளியே, லாரிகள் ஏறி நிற்கும் நீண்ட இரும்பு மேடை காலியாகக் கிடந்தது. ஒரு காக்கைகூட அதன்மேல் இல்லை.

இருபத்திரண்டு வருடங்களாக அந்த மேடைக்கு அவர்தான் ஆள். கல்லுடைக்கும் இடத்திலிருந்து லாரி வரும், ஏறும், எடை காட்டும், சீட்டைக் கிழித்துக் கொடுப்பார், லாரி இறங்கும், எண் பூஜ்யத்துக்குத் திரும்பும். டயரிலிருந்து உதிர்ந்த சேறும் ஜல்லியும் சேர்ந்து சில நாள் பத்து, இருபது என்று காட்டுவதுண்டு. இன்றும் அதுதான் என்று துடைப்பத்தை எடுத்துப் போய்க் குனிந்து பெருக்கினார். குனிய முடிகிறது என்பதே அவருக்கு இன்னும் பழகவில்லை. ஒரு வருடத்துக்கு முன்னால், கீழே விழுந்த பேனாவை எடுக்க யாராவது டிரைவர் வரும்வரை காத்திருந்த மனிதர் அவர்.

பெருக்கிவிட்டு வந்து பார்த்தார். அறுபது. சரிதான் போ என்று பூஜ்யப் பொத்தானை அழுத்தினார். அந்தத் தொழிலில் எல்லோரும் செய்கிற காரியம்தான். மேடையில் இருப்பதை இல்லாததாக வைத்துக்கொண்டு, அங்கிருந்து எண்ணத் தொடங்கச் சொல்லிப் பெட்டிக்குக் கட்டளை இடுவது.

சனிக்கிழமைதான் மருத்துவமனைக்குப் போய் வந்திருந்தார். எடைக்குறைப்பு அறுவை முடிந்து ஒன்பதாவது மாதப் பரிசோதனை. எடை பார்த்த நர்ஸ் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "நூத்தி அறுபதுல வந்தீங்க, இப்ப நூறு. அறுபது கிலோவை எங்க சார் இறக்கி வெச்சீங்க?" என்றாள். அவரும் சிரித்தார். அந்தக் கேள்வி இப்போது ஞாபகம் வந்தது. அதையும் பெட்டி காட்டிய எண்ணையும் சேர்த்துப் பார்க்க மனம் ஒப்பவில்லை, விட்டுவிட்டார்.

டிரைவர்கள் அவரை 'டன்னண்ணன்' என்றுதான் கூப்பிடுவார்கள். நூற்று அறுபது கிலோவும் அவருக்கு ஒரு அந்தஸ்தாகத்தான் இருந்தது, மூச்சு நிற்க ஆரம்பிக்கும்வரை. தூக்கத்தில் நிற்கும். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, எண்ணிக்கொண்டே இருந்து, பன்னிரண்டு வந்ததும் உலுக்குவாள். இப்படியே விட்டால் இரண்டு வருடம் தாண்டாது என்று டாக்டர் சொன்ன அன்று, அவள் காலில் விழாத குறையாகக் கெஞ்சிச் சம்மதிக்க வைத்தாள். இரைப்பையில் ஒரு குழந்தையின் கைப்பிடி அளவு மட்டும் மிச்சம் வைத்து மீதியை வெட்டி எடுத்தார்கள்.

அதன்பிறகு உலகம் சின்ன ஸ்பூனுக்குள் வந்துவிட்டது. ஆறு ஸ்பூன் சாப்பாடு, ஒவ்வொன்றையும் கூழாகும்வரை மெல்ல வேண்டும். சாப்பிடும்போது தண்ணீர் கூடாது. அவசரப்பட்டு ஒரு வாய் கூடினால் நெஞ்சு படபடத்து, வியர்த்துக் கொட்டி, படுக்க வைத்துவிடும். உச்சிவெயிலிலும் குளிர்ந்தது. வயிற்றுத் தோல் மடித்து வைத்த துணியாகத் தொங்கியது. பார்த்தவரெல்லாம் "ஆளே மாறிட்டீங்க!" என்று வாயைப் பிளந்தார்கள். ஒவ்வொரு முறை அதைக் கேட்கும்போதும் மனைவியின் முகம் கொஞ்சம் சுருங்கும். இவர் பார்ப்பார், பார்க்காததுபோல இருப்பார்.

அன்று பன்னிரண்டரைக்கு, மேடை காலியாக இருந்த நேரத்தில், பெட்டியில் எண் மாறியது. மைனஸ் அறுபது.

கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். காலையில் பூஜ்யமாக்கியபோது மேடையில் இருந்தது எதுவோ, அது இப்போது இறங்கிவிட்டது என்பதைத் தவிர அந்த எண்ணுக்கு வேறு அர்த்தம் கிடையாது. வெளியே வெயில் இரும்பின்மேல் நெளிந்தது. ஜல்லி நெரிபட்டது, ஒரு காலடி, நீண்ட இடைவெளி, இன்னொரு காலடி, தொடைகள் உரசுவதால் காலை அகட்டி வைத்து நடக்கிறவரின் நடை. அறையின் சுவரை ஒட்டி அது கடந்தபோது, மூக்கில் சீழ்க்கையடிக்கும் மூச்சு ஜன்னல் கம்பிக்கு அருகே ஏறி இறங்கியது. கூடவே ஒரு வாடை. வியர்வையும் அக்குளில் அப்பிய பவுடரும் கலந்த வாடை. அவருடைய வாடைதான். ஒன்பது மாதமாக அவர் பவுடர் போடுவதில்லை.

காலடி சாலைப் பக்கம் போய்த் தேய்ந்தது. மூன்று மணிக்கு எண் பூஜ்யத்துக்குத் திரும்பியது.

செவ்வாய்க்கிழமை தராசு மெக்கானிக்கை வரவழைத்தார். அவன் மேடையின் தகட்டைத் தூக்கி, அடியில் புகுந்து, எடையை உணரும் உருளைகளை ஒவ்வொன்றாகத் துடைத்து, கரி அள்ளியவன் மாதிரி வெளியே வந்தான். இருபது கிலோ படிக்கற்களை வைத்துப் பார்த்தான். வைத்தால் கூடியது, எடுத்தால் குறைந்தது. ஆனால் எல்லாவற்றையும் எடுத்த பிறகும் அறுபது நின்றது.

"மெஷின்ல ஒரு கோளாறும் இல்லண்ணே," என்றான். "மேல ஏதோ இருக்குன்னு சொல்லுது. அவ்வளவுதான்."

"என்ன இருக்கு?"

"என்னைக் கேட்டா? நீங்க ஏறி நில்லுங்க, பார்ப்போம். இப்பல்லாம் உங்களை 'கிலோ அண்ணன்'னு கூப்பிடணும் போலிருக்கே."

ஏறி நின்றார். அறை உச்சியில் இருந்த பெரிய எண்பலகையைப் பார்த்துப் படித்தான் மெக்கானிக். நூற்று அறுபது.

புதன்கிழமை காலி மேடை எழுபது காட்டியது. அவர் ஏறி நின்றபோது நூற்று அறுபதே. வியாழக்கிழமை தொண்ணூறு. ஏறி நின்றார். நூற்று அறுபது. இடுப்புப் பட்டையில் ஆணியால் இன்னொரு துளை போட்டுக்கொண்டார். கணக்கு தெரிந்த மனிதர் அவர். எது கூடுகிறது, எது குறைகிறது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அன்று பன்னிரண்டரைக்கு அது இறங்கியதும், அறையைப் பூட்டிக்கொண்டு பின்னால் போனார்.

வீடு பத்து நிமிட நடை. பவுடர் வாடை தெருமுனைவரை வழிகாட்டியது. வாசற்கதவு திறந்திருந்தது. உள்ளே போகாமல் சாப்பாட்டு அறையின் ஜன்னலருகே நின்றார். மின்விசிறி முழு வேகத்தில் சுற்றியது. குளிருகிறது என்று அவர் ஒன்பது மாதமாக அதைப் போட விடுவதில்லை. மேஜைமேல் பரணிலிருந்து இறக்கிய பெரிய பாத்திரம். மேஜையிலிருந்து இரண்டடி தள்ளி ஒரு நாற்காலி, பெரிய வயிற்றுக்கு இடம் விட்டு. அதற்கு எதிரே தட்டு நிறையச் சோறு. மனைவி நின்றபடி இன்னொரு கரண்டி எடுத்துப் போட்டாள். முகத்தில் என்ன ஒரு நிறைவு. கல்யாணம் ஆன புதிதில் பார்த்த முகம்.

சோற்றுக் குவியலில், நாற்காலியின் பக்கமாக, ஒரு பள்ளம் விழுந்தது.

உள்ளே போனார். அவள் திடுக்கிடவில்லை. செய்யக்கூடாததைச் செய்து பிடிபட்டவள்போலக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எத்தனை நாளா இது வருது?"

"அதுன்னு சொல்லாதீங்க," என்றாள் மெதுவாக. "பசியோட வர்றவரைப் போய்."

"நான் இங்க நிக்கிறேன். உன் புருஷன் நான்தானே?"

"நீங்கதான். யார் இல்லைன்னா?" அவள் கண் நிறைந்தது. "நான்தான் கெஞ்சிக் கூட்டிட்டுப் போனேன். உங்களை உசுரோட வெச்சுக்கணும்னுதான். ஆனா ஆஸ்பத்திரியில இருந்து திரும்பி வரும்போது பாதி ஆளை அங்கேயே விட்டுட்டு வந்த மாதிரி இருந்துச்சுங்க. சிரிச்சா வீடே அதிரும், அந்த மனுஷன் எங்க? நான் சமைச்சதை ஒரு பருக்கை விடாம சாப்பிட்டுட்டு என்னைப் பார்ப்பாரே, அவர் எங்க? ஆறு ஸ்பூன் சாப்பிட்டுட்டு எழுந்து போயிடறீங்க. மிச்சத்தை வெச்சுக்கிட்டு நான் யார் முகத்தைப் பார்க்கறது?"

அவரும்தான் அந்த மனிதரைத் தேடிக்கொண்டிருந்தார். இதை அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை, சொல்லியிருக்கலாம்.

நாற்காலியை இழுத்து முன்னால் போட்டு உட்கார்ந்தார். உட்காரும் பலகை சூடாக இருந்தது. தட்டைத் தன் பக்கம் நகர்த்தினார். கையால் அள்ளி ஒரு வாய். மெல்லாமல் இன்னொரு வாய். மூன்று. நான்காவது தொண்டையில் நின்றது. நெஞ்சுக்குள் கல் ஏறியது. காது அடைத்தது. வியர்வை. ஐந்தாவது வாயைத் திணித்தார். எல்லாம் தட்டிலேயே திரும்பி வந்தது.

மனைவி நெற்றியைப் பிடித்துக்கொண்டாள், முதுகைத் தடவினாள். எத்தனை அன்பான கை. "விடுங்க, உங்களுக்கு முடியலைன்னா விடுங்க," என்றாள். "அவர் சாப்பிடுவார்." அவள் பார்வை அவர் தலைக்கு மேலே, நாற்காலிக்குப் பின்னால், ஒருவர் நின்றால் முகம் இருக்கும் உயரத்தில் இருந்தது. பிடரியில் சீழ்க்கை மூச்சு பட்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

இனி சமைக்காதே என்று கேட்டுக்கொண்டார். சரி என்று அழுதாள். வெள்ளிக்கிழமை காலி மேடை நூற்றுப் பத்து காட்டியது. சனிக்கிழமை நூற்று முப்பது.

திங்கட்கிழமை நூற்று அறுபது.

பொத்தானை அழுத்தவில்லை. அழுத்தி என்ன ஆகப்போகிறது? பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார், அது முனகவில்லை. மேஜைமேல் கை வைத்தார், தூசியில் தடம் விழவில்லை. ஒரு டிரைவர் ஜன்னலில் முகத்தை வைத்து உள்ளே பார்த்தான். ஒரு சாண் தூரம்.

"டன்னண்ணே! எங்க போனாரு இந்த மனுஷன்? அறையைத் திறந்து போட்டுட்டு..."

"இங்கதாண்டா இருக்கேன்."

ஹாரன் அடித்துப் பார்த்தான். சலித்துக்கொண்டு வண்டியை எடுத்துப் போய்விட்டான்.

பன்னிரண்டரை ஆயிற்று. எண் அசையவில்லை. இன்று அது இறங்கவில்லை. எதற்கோ காத்திருந்தது.

சாலையில் மனைவி வந்தாள். கையில் பெரிய குடை. இருபத்திரண்டு வருடத்தில் அவள் மேடைப் பக்கம் வந்தது நாலைந்து தடவை இருக்கும். அறைக்குத்தான் வருகிறாள் என்று நினைத்து எழுந்தார். தன்னைக் கூட்டிப்போக வருகிறாள். வீட்டுக்குப் போய் அவளிடம் எல்லாவற்றையும் பேசிவிட வேண்டும்.

அவள் அறையைத் திரும்பிப் பார்க்கவில்லை. மேடையில் ஏறினாள். எண் துள்ளியது. இருநூற்றுப் பத்து. நடுமேடைவரை போய் நின்று, அண்ணாந்து, சிரித்தாள். "போலாமாங்க?" என்றாள்.

இருவரும் இறங்கினார்கள். ஐம்பது குறைந்தது. பிறகு, மெதுவாக, ஒவ்வொரு காலாக, மீதி குறைந்தது.

அவர் ஓடினார். கதவைத் தாண்டி, ஜல்லியைத் தாண்டி, மேடையின் நடுவில் நின்று, அவளை எப்போதும் கூப்பிடுகிற மாதிரி, "இந்தாம்மா!" என்று தொண்டை கிழியக் கத்தினார். தூரத்தில் போன நாய்கூடத் திரும்பவில்லை. அறையின் உச்சியில், டிரைவர்கள் பார்ப்பதற்காக வைத்த பெரிய பலகையில், சிவப்பு எண் எரிந்துகொண்டிருந்தது.

பூஜ்யம்.

சாலையில் அவள் போய்க்கொண்டிருந்தாள். குடையைக் கை வலிக்க உயர்த்தி, பக்கத்தில் இருந்த வெறும் வெயிலுக்குப் பிடித்திருந்தாள். அவள் தோளெல்லாம் வெயில். பத்தடிக்கு ஒருமுறை நின்றாள், கூட வருகிறவருக்கு மூச்சு வாங்கட்டும் என்று. மூன்றாவது முறை நின்றபோது துண்டை எடுத்து, எட்டி, காற்றில் ஒரு அகலமான கழுத்தை முன்னும் பின்னும் துடைத்துவிட்டாள்.