கடைசிக் கட்டத்துப் பெயர்

கில்பிராக் ஊரில் யாரைப் பார்த்தாலும் ஐலீனிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

“நீ யாரு வீட்டுப் பொண்ணு?”

ரொட்டி வாங்கப் போனால் கடைக்கார நோரீன் கேட்டார். தபால்காரர் வண்டியை நிறுத்திக் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பக்கத்து பெஞ்சுப் பெண்மணி பூசைக்கு நடுவிலேயே காதோரம் கேட்டார்.

“ஹார்ட்லி வீட்டுப் பொண்ணு” என்று ஐலீன் சொல்வாள்.

“ஹார்ட்லியா?” நோரீன் கூரையைப் பார்த்து யோசித்தார். “இந்தப் பக்கம் அப்படி ஒரு குடும்பமே இல்லையேம்மா. வேற யாரு இருக்காங்க உனக்கு?”

“அம்மா.”

“அம்மா சரி. வேற?”

வேறு யாரும் இல்லை. அப்பா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அவர் இருந்தபோது அவர்கள் இங்கிலாந்தில், லீட்ஸ் நகரத்தில் இருந்தார்கள். போன நவம்பரில் அம்மாவுக்கு இங்கே முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலை கிடைத்தது. “நம்ம பூர்வீகமே அயர்லாந்துல இந்த மேயோ மாவட்டம்தான். நம்ம ஆளுங்க இருந்த மண்ணு” என்று அம்மா ஆசையாகச் சொல்லிக் கூட்டி வந்தார்.

ஆனால் வந்து பார்த்தால், அந்த ஆட்கள் ஒருவரையும் காணோம்.

பள்ளிக்கூடத்தில் மொத்தம் இருபத்து மூன்று பிள்ளைகள். அதில் இருபத்திரண்டு பேர் ஒருவருக்கொருவர் ஏதோ ஒரு வழியில் சொந்தம். ஒருவனுக்கு இவள் அத்தை மகள், இவளுக்கு அவன் பெரியப்பா பேரன். ஒருத்தி வீட்டுக் கன்று காணாமல் போனால் வகுப்பே கவலைப்பட்டது. மதிய இடைவேளையில் கூட்டம் கூட்டமாகப் பிரிந்து விளையாடுவார்கள். ஐலீன் தன் மஞ்சள் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு, கல்சுவர் ஓரமாக நின்று ரொட்டியைத் தின்பாள். மெதுவாகத் தின்றால் மணி அடிக்கும் வரைக்கும் வரும் என்று அவள் கண்டுபிடித்திருந்தாள்.

ஒரு திங்கட்கிழமை டியர்னி மிஸ் சொன்னார்: “வெள்ளிக்கிழமைக்குள்ள எல்லாரும் உங்க குடும்ப மரத்தை வரைஞ்சு கொண்டு வரணும். எவ்வளவு பின்னாடி போக முடியுமோ, போங்க.”

“மிஸ், எங்க மரத்துக்கு உங்க சுவரு பத்தாது!” என்றான் ஃபின்டன் டர்கன். அவனுக்குப் பெரிய காதுகள், அதைவிடப் பெரிய குரல். பிறகு அவன் ஐலீன் பக்கம் திரும்பினான். “உனக்கு ஒரு சின்னத் துண்டுச் சீட்டு போதும்ல?”

எல்லோரும் சிரித்தார்கள். ஐலீனும் சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை.

அன்று மாலை அவள் அம்மாவிடம் கேட்டாள். “அம்மா, நம்ம ஆளுங்க யாரு? பேரு சொல்லு.”

அம்மா நாள் முழுவதும் நின்று வேலை செய்த கால்களை நாற்காலியில் தூக்கி வைத்திருந்தார். “என்னோட பாட்டிக்குப் பாட்டி ஒருத்தங்க. பிரிட்ஜெட் லவெல். அவங்கதான் இங்கேருந்து லீட்ஸ் மில்லுக்கு வேலைக்குப் போனது. அதுக்கு மேல எனக்கு எதுவும் தெரியாது கண்ணு.”

பெட்டியிலிருந்து ஒரு சின்ன ஜெபப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். முதல் பக்கத்தில் மங்கிய மையில் எழுதியிருந்தது: ‘பிரிட்ஜெட் லவெல். கில்பிராக் பங்குக் கோயில். நான் கிளம்பும்போது அக்கா ஹானர் கொடுத்தது.’

இன்னொரு தாளும் இருந்தது. 1881இல் லீட்ஸில் எடுத்த மக்கள் கணக்கெடுப்பின் நகல். ‘பிரிட்ஜெட். வயது 29. பிறந்த இடம்: அயர்லாந்து.’

“அயர்லாந்துன்னா எங்க? எந்தத் தெரு, எந்த வீடு?” என்றாள் ஐலீன்.

“எழுதினவருக்கு அது போதும்னு தோணியிருக்கு” என்றார் அம்மா. சொல்லும்போதே அவருக்குக் கண் சொக்கியது.

அம்மா வேலை முடிந்து வரும்வரை ஐலீன் நூலகத்தில்தான் இருப்பாள். மறுநாள் அவள் நூலகர் அட்ராக்டாவிடம் புத்தகத்தைக் காட்டினாள். அட்ராக்டா மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு, அதையே ஐந்து நிமிடம் மேசையில் தேடுகிற மனுஷி.

“ஆயிரத்து எண்ணூத்து அம்பத்திரண்டு வாக்குல பிறந்திருக்கணும்” என்று கணக்குப் போட்டார். “நம்ம கோயிலோட ஞானஸ்நானப் பதிவேட்டைப் படம் எடுத்துக் கம்ப்யூட்டர்ல போட்டிருக்காங்க. வா, பாக்கலாம்.”

பழுப்பு நிறப் பக்கங்கள் திரையில் வந்தன. அந்தக் காலத்துப் பங்குத் தந்தையின் கையெழுத்து, எறும்பு மையில் விழுந்து நடந்ததுபோல இருந்தது. தேதி, குழந்தையின் பெயர், அப்பா அம்மா பெயர், கிராமத்தின் பெயர், கடைசிக் கட்டத்தில் ஞானஸ்நானத்தின்போது குழந்தைக்குப் பொறுப்பேற்று நிற்கும் ஞானத்தந்தை, ஞானத்தாய் பெயர்கள்.

1848 வந்தது. 1849 வந்தது. அடுத்த படத்தில் வெறும் கறை. அதற்கடுத்ததிலும் கறை. பிறகு ஒரேயடியாக 1855.

“நடுவுல எங்க?”

அட்ராக்டா பெருமூச்சு விட்டார். “கோயில் கூரை ஒழுகியிருக்கு. அஞ்சு வருஷப் பக்கம் நனைஞ்சு போச்சு. அந்தக் காலத்து மக்கள் கணக்கெடுப்பும் மிச்சமில்ல. வருத்தமா இருக்கும்மா.”

ஐலீன் அந்தக் கறையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிரிட்ஜெட்டின் பெயர் அதற்குள் எங்கேயோ கரைந்து கிடந்தது. ஒருவர் பிறந்ததையே ஒரு மழை அழித்துவிட்டது. வெளியிலும் அப்போது மழைதான் பெய்துகொண்டிருந்தது. அவளுக்கு அந்த மழையின்மேல் கோபமாக வந்தது.

புதன்கிழமையே ஃபின்டனின் குடும்ப மரம் வகுப்புச் சுவருக்கு வந்துவிட்டது. நான்கு பெரிய தாள்களை ஒட்டியிருந்தான். உச்சியில் பாட்ரிக் டர்கன், அவருக்குக் கீழே மகன் தாமஸ், அவருக்குக் கீழே கிளை கிளையாக டர்கன்கள். ஒரு கிளையில் நாயின் பெயர்கூட இருந்தது.

“உன் மரம் எவ்வளவு வளர்ந்திருக்கு? தண்ணி ஊத்தினியா?” என்றான் அவன்.

ஐலீன் சுவரின் மறுமூலைக்கு நகர்ந்தாள். அங்கே ரோஷீன் வரைந்த ஓவியம் ஒன்று ஒட்டியிருந்தது. ‘எங்கள் பள்ளி மைதானம்’ என்று தலைப்பு. பந்து விளையாடும் பையன்கள், கயிறு தாண்டும் பெண்கள். ஓரத்தில், சுவரை ஒட்டி, மஞ்சளாகச் சின்னதாக ஏதோ ஒன்று.

“ரோஷீன், இது என்ன?”

ரோஷீன் பென்சில் சீவுவதை நிறுத்தாமல் எட்டிப் பார்த்தாள். “அதுவா? நீதான். எப்பவும் அங்கதான நிக்கிற?”

ஐலீனுக்கு முகம் சுட்டது. சுவரோரம் தனியாக நிற்பதை ஒருவரும் பார்ப்பதில்லை என்று நினைத்திருந்தாள். ரோஷீன் பார்த்திருக்கிறாள். பார்த்து, மறக்காமல் மஞ்சள் வண்ணமும் தீட்டியிருக்கிறாள்.

அவள் அந்தப் படத்தின் முன்னாலேயே நின்றாள். செப்டம்பரில் எடுத்த வகுப்புப் புகைப்படத்தில் அவள் இல்லை. பிறந்தநாள் பட்டியலில் அவள் பெயர் இல்லை. ஆனால் ரோஷீனின் படத்தில் இருக்கிறாள், ஓரத்தில்.

‘அப்படின்னா பிரிட்ஜெட்டும்...’

மணி அடித்ததும் நூலகத்துக்கு ஓடினாள்.

“அட்ராக்டா! பிரிட்ஜெட்டோட பக்கம்தானே போச்சு? மத்தவங்க பக்கத்துல அவங்க இருக்கலாம்ல? கடைசிக் கட்டத்துல! அவங்க யாருக்காவது ஞானத்தாயா நின்னிருந்தா?”

அட்ராக்டா கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கினார். முதல் தடவையாக, தேடாமலே. “அடிப் பொண்ணே” என்றார்.

பெரியவளான பிறகுதானே ஞானத்தாயாக நிற்க முடியும்? ஐலீன் 1865இலிருந்து ஆரம்பித்தாள். கடைசிக் கட்டத்தை மட்டும் பார்த்துக்கொண்டே போனாள். மேரி, மேரி, கேத்தரின், மேரி, ஆனோரா, மேரி. கண் எரிந்தது. அன்று ஒன்றும் கிடைக்கவில்லை.

வியாழக்கிழமை நாலே காலுக்குக் கிடைத்தது. 1868, மார்ச். யாரோ ஒருவர் வீட்டுக் குழந்தைக்கு ஞானத்தாய்: பிரிட்ஜெட் லவெல். கிராமம்: டெர்ரிபான்.

ஐலீன் நாற்காலியைவிட்டு எழுந்து நின்றுவிட்டாள்.

அடுத்த வருடம் இன்னொரு குழந்தைக்கு. அதே ஊர், அதே பெயர். 1870இல் இரண்டு குழந்தைகளுக்கு. யார் வீட்டில் குழந்தை பிறந்தாலும் இவளைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள்! 1871, ஜூன்: குழந்தை தாமஸ். அப்பா பாட்ரிக் டர்கன். அம்மா ஹானர் லவெல். ஞானத்தாய் பிரிட்ஜெட் லவெல்.

ஹானர். ஜெபப் புத்தகம் கொடுத்த அக்கா.

அதற்குப் பிறகு 1872, 1873, 1874 என்று பார்த்தாள். டெர்ரிபானில் குழந்தைகள் பிறந்துகொண்டே இருந்தன. ஆனால் பிரிட்ஜெட் பெயர் வரவே இல்லை. அக்கா பிள்ளையைக் கையில் ஏந்தி நின்றதுதான் கடைசி. அப்புறம் அவள் கப்பல் ஏறியிருக்க வேண்டும். லீட்ஸில் அவளிடம் யாராவது ‘நீ யாரு வீட்டுப் பொண்ணு’ என்று கேட்டிருப்பார்களா? யார் கேட்டிருக்கப் போகிறார்கள்?

நூலகத்தில் வேறு யாரும் இல்லை. ஐலீன் அந்தப் பெயரின்மேல், திரையில், விரலை வைத்துப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை காலை ஃபின்டன் தன் மரத்தின்முன் நின்று முழங்கினான். எல்லாம் முடிந்ததும் டியர்னி மிஸ் உச்சியைக் காட்டினார். “பாட்ரிக் பக்கத்துல ஒரு கேள்விக்குறி இருக்கே, ஃபின்டன்?”

“அது... அவரு பொண்டாட்டி, மிஸ். பேரு எங்க வீட்டுல யாருக்கும் தெரியல.”

“பொண்டாட்டி பேரையே தொலைச்சுட்டீங்களா!” என்று பின்னாலிருந்து ஒரு குரல். வகுப்பு சிரித்தது. ஃபின்டனின் காதுகள் சிவந்தன.

ஐலீனின் கையில் பதில் இருந்தது. இப்போது எழுந்து சொன்னால் போதும். வகுப்பு இன்னும் பலமாகச் சிரிக்கும். அவள் ஃபின்டனின் காதுகளைப் பார்த்தாள். அப்படி எரியும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அவள் எழவில்லை. இடைவேளையில் அவன் தனியாக இருந்தபோது பக்கத்தில் போனாள்.

“உன் கேள்விக்குறியோட பேரு ஹானர் லவெல்.”

“என்னது?”

“பாட்ரிக்கோட மனைவி. தாமஸோட அம்மா. பதிவேட்டுல பாத்தேன். இந்தா.”

அவன் துண்டுச் சீட்டை மூன்று தடவை படித்தான். “இதை ஏன் உள்ள வச்சே சொல்லல?”

“உன் மரம். நீதான் எழுதணும்.”

ஃபின்டன் தலையைச் சொறிந்தான். “இந்த ஞானத்தாய் பிரிட்ஜெட் யாரு?”

“ஹானரோட தங்கச்சி. எங்க அம்மாவோட பாட்டிக்குப் பாட்டி.”

அவன் விரலை மடக்கி எண்ணினான். ஒரு கை போதவில்லை. திடீரென்று வாய் பிளந்தது. “அப்ப நீயும் நானும் சொந்தமா?”

“அப்படித்தான் தெரியுது.”

“ஐயய்யோ!” என்றான் ஃபின்டன்.

“எனக்கும்தான்” என்றாள் ஐலீன்.

அவன் சிரித்துவிட்டான். பிறகு குரலைத் தாழ்த்தினான். அவனுக்கு அப்படியும் ஒரு குரல் இருந்தது. “எங்க மேல் வயல்ல ஒரு இடிஞ்ச வீடு கெடக்கு. அதை எங்கப்பா ‘லவெல் வீடு’ன்னுதான் சொல்வாரு. ஏன் அந்தப் பேருன்னு கேட்டா, யாருக்கும் தெரியாது. நாளைக்கு வரியா?”

சனிக்கிழமை அம்மா அவளை டெர்ரிபானில் ஃபின்டன் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு வேலைக்குப் போனார். மழை விட்டிருந்தது. இருவரும் சேற்றில் வழுக்கி வழுக்கி மேட்டில் ஏறினார்கள்.

மூன்று சுவர்கள் நின்றன. நாலாவது விழுந்து புல் மூடியிருந்தது. உள்ளே அடுப்பு இருந்த இடத்தில் இடுப்பளவு காஞ்சொறிச் செடி. ஒரு செம்மறி ஆடு, ‘இது என் வீடு’ என்பதுபோல இவர்களைப் பார்த்துவிட்டு வெளியே போனது.

ஐலீன் வாசல் கல்லின்மேல் நின்றாள். கல்லின் நடுப்பகுதி கால்பட்டுக் கால்பட்டுத் தேய்ந்து குழிந்திருந்தது. அங்கிருந்து பார்த்தால் பாதை கீழே போய், தூரத்தில் கடலோடு முடிந்தது. சுற்றிலும் காற்றைத் தவிரச் சத்தமில்லை. பிரிட்ஜெட் இந்தப் பாதையில்தான் இறங்கிப் போயிருப்பாள். திரும்பித் திரும்பிப் பார்த்திருப்பாள். ஹானர் இதே கல்லில் நின்று, கையில் தாமஸோடு, அவள் புள்ளியாகும் வரை பார்த்திருப்பாள்.

ஐலீனுக்கு அப்பாவின் ஞாபகம் எங்கிருந்தோ வந்தது.

ஃபின்டன் ஒரு குச்சியை எடுத்து, வாசலை அடைத்திருந்த காஞ்சொறியை மடமடவென்று அடித்துச் சாய்த்தான். “உள்ள வந்து பாரு. அரிக்காது” என்றான்.

இருவரும் உள்ளே போய், ஜன்னல் எது, கட்டில் எங்கே கிடந்திருக்கும் என்று பேசிப் பேசி, உடைந்த மண்பானைச் சில்லு இரண்டு பொறுக்கி, முழங்கால் வரை சேறாகிவிட்டார்கள்.

அப்போது கீழே வீட்டு முற்றத்திலிருந்து ஃபின்டனின் அம்மாவின் குரல் மலைக்கே கேட்கும்படி வந்தது.

“ஃபின்டன்! ஐலீன்! எத்தனை தடவ கூப்பிடறது? டீ ஆறி பச்சத் தண்ணியாப் போச்சு. ரெண்டும் இப்ப வரீங்களா, நான் மேல வரவா?”

“வந்துட்டோம்!” என்று கத்திக்கொண்டே இருவரும் ஓடினார்கள்.

சேற்றுக் காலோடு சமையலறைக்குள் நுழைந்ததற்குத் திட்டு விழுந்தது. அந்த வீட்டுத் திட்டில் ஐலீனுக்கும் சரிபாதி கிடைத்தது.