உள்ளே ஆள் இருக்கா?

பழைய குடிநீர் நிலையத்துக்கு மாற்றலாகி வந்த ஆபரேட்டர், முதல் நாள் காலை கட்டுப்பாட்டு அறைக் கதவைத் திறந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டாள். பூட்டிக் கிடந்த ஈரத்தின் வாடை. மேசைமேல் ஒரு கறுப்புத் திரை. படமோ பொத்தானோ கிடையாது. கட்டளையை டைப் அடித்தால் தொட்டிக்குத் தண்ணீர் விடும் வால்வு திறக்கும், மூடும். அவ்வளவுதான்.

"இதுல 'உறுதி கேள்'னு ஒரு செட்டிங் இருக்கும்மா," என்றார் பம்ப் மெக்கானிக், வாசலைத் தாண்டாமலே. "முன்னாடி இருந்தவர், தொணதொணன்னு கேட்குதேன்னு அதை அணைச்சு வச்சிருந்தார். ஒருநாள் கை தவறி 'திற'ன்னு அடிச்சிட்டார். தொட்டிக்குள்ள கழுவிக்கிட்டிருந்தது என் தம்பி."

அவள் மேசைமுன் உட்கார்ந்தாள். முதல் வேலையாக அந்த செட்டிங்கைப் போட்டாள்.

இருவரும் தொட்டிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். காலி. மூடியைப் பூட்டிவிட்டு வந்து, 'திற' என்று அடித்தாள்.

'உள்ளே ஆள் இருக்கா?' என்றது திரை.

'இல்லை' என்று அடிக்க விரலைக் கொண்டுபோனாள். அதற்குள் எழுத்துகள் தாமாகவே விழுந்தன.

'இருக்கேன்.'

அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

அடுத்த வரி: 'உறுதி கேள்: அணைக்கப்பட்டது.'

சுவருக்கு அப்பால் தண்ணீர் இரைந்தது.

"மூடுங்கம்மா," என்று கத்தினார் மெக்கானிக்.

'மூடு' என்று அடித்தாள்.

'அப்படி ஒரு கட்டளை இல்லை.'

'நிறுத்து.'

'அப்படி ஒரு கட்டளை இல்லை.'

மெக்கானிக் தொட்டிக்கு ஓடினார். வால்வின் கைச்சக்கரம் இம்மியும் அசையவில்லை. மூடியின் பூட்டுக்குள் சாவி சும்மா சுற்றியது. உள்ளிருந்து யாரோ இரும்பைத் தட்டினார்கள். முதலில் படபடவென்று. பிறகு விட்டு விட்டு.

அவர் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டார்.

"அண்ணன் இங்கதான்டா இருக்கேன்," என்று மெல்லச் சொன்னார். "இங்கதான் இருக்கேன்."

தட்டல் ஓய்ந்தது.

தண்ணீரை வடித்துப் பார்த்தபோது உள்ளே ஒன்றுமே இல்லை. அவள் கம்ப்யூட்டரில் தன் கணக்கிலிருந்து வெளியேறி, அன்றே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

சில நாள் கழித்து, அவள் இடத்துக்கு வந்த பெண் போன் பண்ணினாள்.

"அக்கா, உங்க கணக்கு இன்னும் திறந்தே இருக்கு. ஏதோ டைப் ஆகிக்கிட்டே இருக்கு."

"என்ன டைப் ஆகுது?"

"'உதவி'ன்னு. திரும்பத் திரும்ப 'உதவி'ன்னு." அவள் குரல் இறங்கியது. "ஒவ்வொரு தடவையும் கம்ப்யூட்டர், என்னென்ன கட்டளை இருக்குன்னு மட்டும்தான் காட்டுதுக்கா."