சொன்னதைச் செய்தவர்

போடிநாயக்கனூர் பஸ் நிலையத்துக்கு எதிர் மாடியில் லிங்கேஸ்வரன் மத்தியானத் தூக்கத்துக்குக் கண் செருகிய நேரம் பார்த்து எஸ்டேட் முதலாளி வெள்ளைத்துரை வந்து நின்றார். இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு விபத்துகளைத் துருவிக் கொடுத்து ஓய்ந்தவர் லிங்கேஸ்வரன். இப்போது ஊராருக்குத் துப்பறிகிறார். அவருக்கு ஜீப்பு ஓட்டுவதும், அவர் வாய் திறக்குமுன் குற்றவாளியைக் கண்டுபிடித்துவிடுவதும் மைத்துனன் ஜக்கையனின் சோலி. கண்டுபிடித்தது ஒருநாளும் சரியாக இருந்ததில்லை, அது வேறு விஷயம்.

“நாலு லோடு ஏலக்காயும் சூட்டுல மஞ்சளாப் போச்சுண்ணே,” என்றார் வெள்ளைத்துரை. “அடுப்புப் பாக்குற பிச்சைமணி, சூடு காட்டுற மீட்டரு நாப்பதுன்னு போர்டுல பொய்யா எழுதிட்டு வெறக அள்ளிப் போட்டுருக்காருன்னு புது சூப்பர்வைசர் சூர்யபிரகாஷ் அடிச்சுச் சொல்றான். இருவது வருசமா எங்கிட்ட இருக்க மனுசன். கேட்டா, ‘சொன்னதச் செஞ்சேன்’னு ஒரே பதில். நாளைக்கு போலீசுக்குப் போகணும், எஸ்டேட்டு வீட்டையும் காலி பண்ணச் சொல்லணும். மனசு வரல.”

எஸ்டேட்டுக்குப் போகும் வழியில் குரங்கணி தாண்டியதும் மேகம் இறங்கி ஜீப்பை மூடிக்கொண்டது. ஏலச்செடிகள் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்துவிட்டு மறைந்தன. தூக்கத்திலேயே வண்டி ஓட்டுவதுபோல் இருந்தது ஜக்கையனுக்கு. அந்த வாசனைக்குள்ளேயே ஒரு வீடு கட்டிக்கொண்டு இருந்துவிடலாமா என்றுகூட யோசித்தான்.

உலர்த்தும் கட்டடத்தில் மூன்று நாளாக அடுப்பு அணைந்து கிடந்தது. கதவோரச் சுவரில், உட்கார்ந்தவர் தலை சாயும் உயரத்தில், பல வருடத்து எண்ணெய்க் கறை. ஸ்டூல் மட்டும் பத்தடி தள்ளி, சாரல் விழும் இடத்தில் இருந்தது. ஜக்கையன் போர்டைப் பார்த்தான்: மணிக்கு மணி நாற்பது. மீட்டரைப் பார்த்தான்.

“மீட்டரும் நாப்பதுதான் காட்டுது மாமா! அவரு சரியாத்தான் எழுதிருக்காரு. வேற யாரோ உள்ள பூந்துருக்காக.”

“நல்லாப் பாத்த மாப்ளே,” என்று லிங்கேஸ்வரன் கொட்டாவி விட்டார். ஜக்கையனுக்குப் பெருமை தாங்கவில்லை.

பிச்சைமணி வந்து நின்றார். முகத்தில் மூன்று நாள் தாடி.

“காயி கெட்ட அன்னைக்கு உள்ள சூடு எம்புட்டுண்ணே?” என்று கேட்டார் லிங்கேஸ்வரன்.

“மீட்டரு நாப்பதுன்னு சொல்லுச்சு.”

“நீங்க என்ன சொல்றீக?”

பிச்சைமணி பனியின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

லிங்கேஸ்வரன் எல்லோரையும் கூப்பிட்டார். முதலாளி, சூர்யபிரகாஷ், காய் பொறுக்கும் பெண்கள் பன்னிரண்டு பேரும் கூடினார்கள்.

“மூணு நாளா நெருப்பு இல்ல. செவுரு சில்லுன்னு கெடக்கு. முள்ளு மட்டும் நாப்பதுல நிக்குது. எப்பவோ சிக்கிக்கிருச்சு.”

ஜக்கையன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

“மீட்டருக்குத் தெரியாதது இவருக்குத் தெரியும். வருசக்கணக்கா சாஞ்ச செவுரு சுட்டதுலதான் ஸ்டூலத் தள்ளிப் போட்டுருக்காரு.”

“அப்ப தெரிஞ்சேதான் செஞ்சிருக்கான்!” என்று குதித்தான் சூர்யபிரகாஷ்.

“சொன்னதச் செஞ்சாரு தம்பி. என்ன சொன்னீக?”

அவன் தலை கவிழ்ந்தது. பெண்களில் மூத்தவளான கருத்தம்மா முன்னால் வந்தாள்.

“மொத நாளே சூடு கூடுதுன்னு அண்ணன் சொன்னாக. ‘நீ என்ன மீட்டரா? முள்ளு அம்பதத் தொடுறவரைக்கும் வெறகப் போடுடா, வாயத் தொறந்தா மலைய விட்டு எறக்கிருவேன்’னாரு இவரு. அப்பன் வயசு ஆளப் பாத்து, எங்க முன்னால.”

“காயி மஞ்சளாகுறது ஒங்களுக்கும் தெரியுமா ஆத்தா?”

பன்னிரண்டு தலைகளும் ஆடின.

“அம்புட்டுத்தான். கெடுக்கணும்னு யாரும் செய்யல. எல்லாரும் வாய மூடிக்கிட்டாக. மூட வச்சது நீங்க தம்பி.”

வெள்ளைத்துரை பிச்சைமணியின் கையைப் பிடித்துக்கொண்டார். கத்தினால்தான் மரியாதை கிடைக்கும் என்று நம்பி மலையேறி வந்த சூர்யபிரகாஷ் அவர் முன்னால் வந்து கைகூப்பினான்.

“தப்புத்தான்ணே. மன்னிச்சிருங்க. இனிமே எதுன்னாலும் சொல்லுங்க.”

“சரி தம்பி,” என்றார் பிச்சைமணி.

கருத்தம்மா சூர்யபிரகாஷைப் பார்த்துத் தயங்கினாள். “அப்ப இன்னொண்ணும் சொல்லிர்றேன். நீங்க படுக்குற ரூமுக்குப் பின்னாடி மேட்டுல மண்ணு பொளந்து கெடக்கு. கை நொழையிற அகலம். மழை வலுத்தா எறங்கிரும்.”

“எப்ப இருந்து?”

“அஞ்சு நாளா.”

ஐந்து நாளும் அவன் அங்கேதான் தூங்கினான். பன்னிரண்டு பேரும் நல்ல பெண்கள். நல்ல பெண்களே சொல்லாமல் இருந்துவிட்டார்கள் என்பதுதான் ஜக்கையனைப் பயமுறுத்தியது. சாரல் கனத்துக்கொண்டிருந்தது.

“இங்கனயே இருங்க தம்பி. பெட்டி படுக்கைய நான் வெரசா கொண்டாறேன்,” என்று துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு பிச்சைமணி பனிக்குள் இறங்கினார்.

“வேணாம்ணே! பெட்டி போனாப் போகுது, நீங்க வாங்கண்ணே!” என்று கத்திக்கொண்டே சூர்யபிரகாஷ் அவர் பின்னால் ஓடினான்.